பட்டாளத்துக் கிடங்கில் பீர் ஊற்றலாமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மகளைப் பார்க்க இங்கிலாந்து போன இடத்தில், பிளைமவுத்தில் ராயல் வில்லியம் யார்டு என்ற பழைய கடற்படைக் கிடங்கு வளாகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கல் சுவர் கல் சுவராகவே நிற்க, உள்ளே பீரும் சிரிப்பும் திருவிழாக் கூட்டமுமாக இருந்ததாம். ஊர் திரும்பியதும், வேலூர்க் கோட்டைக்குள் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை ஏன் இப்படிப் பப் ஆக்கக்கூடாது, கட்டடம் தாங்காதா, சட்டம் விடாதா, நமக்குத்தான் மனசில்லையா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள்: ராணிப்பேட்டைப் பக்கம் உங்கள் தாத்தா வாங்கிய "பட்டாளத்துக் கிடங்கு" ஒன்று குடும்பத்தில் இருக்கிறது, அதை ஏதாவது செய்ய முடியுமா என்று. எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, குடி நல்லதா கெட்டதா என்று கட்சி கட்டிவிட்டார்கள். உங்கள் மனதில் இருக்கும் நிஜக் கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தவன் நான். வக்கீல் இல்லை, சரித்திர ஆசிரியரும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்றே சொல்கிறேன்.

முதலில் கோட்டையை முடித்துவிடலாம், அது சீக்கிரம் முடியும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். அத்தகைய இடங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு சங்கதி தெளிவாக இருக்கிறது: அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது, அனுமதியின்றி விருந்து, கேளிக்கை எதுவும் நடத்தக் கூடாது. 2010இல் சட்டத்தைத் திருத்தியபின், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்ட முடியாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். இதோடு தமிழ்நாட்டு மதுக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். தனியார் பார் என்றால் நட்சத்திரத் தகுதி பெற்ற ஓட்டலாகவோ பதிவு பெற்ற கிளப்பாகவோ இருக்க வேண்டும். இங்கிலாந்தில் மூலைக்கு மூலை இருக்கிற பப், அதாவது தனியாக நான்கு மேசை போட்டுப் பீர் விற்கும் கடை, நம் உரிம முறையில் ஒரு வகையாகவே கிடையாது. கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் சர்ச்சும் வேறு இருக்கின்றன. ஆக, கோட்டைக்குள் பப் என்பது நடக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வருத்தமும் இல்லை.

ஆனால் "வேலூரில் பட்டாளக் கிடங்கை வேறு உபயோகத்துக்கு மாற்றவே மாட்டார்களா" என்று ஒரு பதிலில் அங்கலாய்த்திருந்தீர்கள். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாட்டிலேயே பெரிய மாற்றம் ஒன்று நம் கோட்டைக்குள்தான் நடந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் கட்டியது. பின்னால் கோட்டை கை மாறிய காலங்களில் மூலவர் வெளியே போய்விட, வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு அது ஆயுதக் கிடங்காக இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இவ்வளவும் உறுதி. லிங்கத்தை எந்த வருடம், யாருக்குப் பயந்து எடுத்தார்கள் என்பதற்குச் சொல்லப்படும் கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. கல்யாண மண்டபத்தைக் கழற்றி லண்டனுக்குக் கொண்டுபோக நினைத்தார்கள், கப்பல் வரவில்லை என்பதையும் கோட்டை வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அதில் முதலாவதை 1981இல் தீர்த்துவிட்டோம். பாலாற்றுத் தண்ணிக்கு இன்னும் வழியில்லை. நீங்கள் கேட்பது வேறு தண்ணி.

கோயிலை ஏன் கிடங்காக்கினார்கள் என்பதை எஞ்சினியர் கண்ணால் பார்த்தால் விசித்திரமாக இருக்காது. தடித்த கருங்கல், சுற்றிலும் மதில், காவல் போட வசதியாகக் கோபுர வாசல், வெயில் ஏறாத மண்டபம். கிடங்கு அதிகாரி கேட்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. இது என் ஊகம், யாரும் எழுதி வைத்து நான் படித்ததல்ல. ஆனால் வெடிமருந்தை ஊருக்குள் சேர்த்து வைப்பதில் ஆபத்தும் உண்டு. இத்தாலியின் பிரெஷியா நகரில் மதிலின் கொத்தளம் ஒன்றில் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1769இல் இடி விழுந்து வெடித்ததில் ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. வெடிமருந்துக் கிடங்குகளுக்கு இடிதாங்கி வைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளினே, லண்டனுக்கு அருகில் உள்ள பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்குக்காக அமைத்த குழுவில் இருந்தார்.

இனி உங்கள் தாத்தாவின் கிடங்கு. இங்கே ஒரு பேதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பட்டாளத்துக் கிடங்கு என்று நாம் ஒரே பேரில் சொல்வதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சரக்குக் கிடங்கு: தானியம், துணி, சேணம், கயிறு, பீப்பாய். இன்னொன்று மருந்துக் கிடங்கு: வெடிமருந்து மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பழைய தடித்த கட்டடம்தான். உள்ளே புத்தி நேர் எதிர். சரக்குக் கிடங்கை ஆட்கள் நாள் முழுக்க வந்து போவதற்காகக் கட்டினார்கள். மருந்துக் கிடங்கைக் கட்டியவருக்கு ஆள் வருவதே பிடிக்காது. வந்தாலும் ஒருவர் இருவர், அதுவும் இரும்பு ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

நீங்கள் பார்த்த ராயல் வில்லியம் யார்டு முதல் வகையில் உச்சம். கடற்படைக்கு ரொட்டி, மாவு, இறைச்சி, மதுபானம் சப்ளை செய்ய 1820களில் கட்டத் தொடங்கி 1830களில் முடித்தார்கள். இளைய ஜான் ரென்னி வடிவமைத்தது. வரிசையாக ஜன்னல், அகல வாசல், கப்பலில் நேராக ஏற்றுகிற மாதிரி படகுத்துறை, பாரம் தாங்கும் தளங்கள். கடற்படை 1992இல் விட்டுப் போன பின் பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் குடியிருப்பும் உணவகமுமாக உயிர் வந்தது; அதனால் "அங்கே உடனே செய்துவிடுகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பாள்: அந்த வளாகத்தில் பீர் காய்ச்சவே ஒரு பெரிய கட்டடம் கட்டினார்கள். அது முடிவதற்குள், 1831இல், மாலுமிகளின் பீர்ப் படியையே கடற்படை நிறுத்திவிட்டது. பீர் காய்ச்சாத பீர்க் கட்டடம் இன்று பீர் விற்கும் வளாகத்துக்கு நடுவில் நிற்கிறது.

இன்னொரு பதிலில் ஒருவர் லண்டன் உல்விச்சில் உள்ள டயல் ஆர்ச் பப்பை வெடிமருந்துக் கிடங்கு என்று எழுதியிருந்தார். அது ஆயுத வளாகத்துக்குள் இருப்பது சரி. ஆனால் டயல் ஸ்கொயர் என்கிற அந்தப் பகுதி 1717க்குப் பின் கட்டிய பட்டறை; பீரங்கிக் குழாய்களுக்குக் கடைசி வேலை நடந்த இடம். அங்கே வேலை பார்த்தவர்கள் 1886இல் டயல் ஸ்கொயர் என்ற பேரில் தொடங்கிய கால்பந்து அணிதான் இன்றைய ஆர்சனல். பட்டறை என்றால் வெளிச்சமும் காற்றும் ஆளும் வேண்டும். அதனால்தான் அது சுலபமாகப் பப் ஆனது.

மருந்துக் கிடங்கு அப்படி வளைந்து கொடுக்காது. லண்டன் ஹைடு பார்க் பக்கம் 1805இல் கட்டிய மருந்துக் கிடங்கை 2013இல் செர்பென்டைன் கலைக்கூடத்தின் இரண்டாவது கட்டடமாகத் திறந்தார்கள். மருந்து வைத்த இரண்டு செங்கல் அறைகளிலும் ஓவியமும் சிற்பமும். உணவகம் எங்கே என்று பாருங்கள்: பக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் புதிதாகச் சேர்த்த வெள்ளைக் கூடாரம் போன்ற கூரையின் கீழே. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய வெடிமருந்து வளாகம் 2012இல் ஏசியா சொசைட்டி மையமானது. அங்கும் கிடங்குகளுக்குள் கலைக்கூடமும் அரங்கும்தான். உணவகத்துக்கு அம்மோ என்று தோட்டா வாசனையோடு பேர் வைத்தார்கள், ஆனால் சாப்பிடுகிறவர்களை உட்கார வைத்தது கண்ணாடி போட்ட புதுப் பகுதியில். இரண்டு ஊரில் வெவ்வேறு கட்டடக் கலைஞர்கள் ஒரே முடிவுக்கு வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

காரணம் ஈரம். மருந்து நனைந்தால் செத்தது, பொறி பட்டால் ஊர் செத்தது. இந்த இரண்டு பயத்தையும் வைத்துத்தான் கிடங்கின் ஒவ்வொரு அங்குலமும். ஜன்னல் கிடையாது. காற்றுத் துளைகள் உண்டு, ஆனால் சுவருக்குள்ளேயே முழங்கை மாதிரி மடங்கிப் போகும். வெளியிலிருந்து பொறி நேராக உள்ளே பாயக் கூடாது. தரையில் பலகை, பலகையில் இரும்பு ஆணிக்குப் பதில் மர முளை, கதவுக்குச் செம்புத் தகடு. மேலே கனத்த வளைவுக் கூரை. இப்படிப்பட்ட அறையில் காற்று மெல்ல நகர்ந்தால் போதும், ஏனென்றால் பீப்பாய் மூச்சு விடாது. மனிதன் விடுவான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவி விடுகிறார். 200 பேர் மூன்று மணி நேரம் இருந்தால் 30 லிட்டர். இரண்டு குடம் தண்ணீரைச் சுவரில் தெளித்த மாதிரி. ஆட்டம் பாட்டம் என்றால் இன்னும் கூடும். அத்தனையும் குளிர்ந்த காரைச் சுவரில்தான் போய் இறங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய பட்டாளக் கட்டடம் ஒன்றைக் கல்யாண மண்டபமாக மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். எந்த ஊர், யாருடையது என்பது வேண்டாம், தவறு என்னுடையது. அப்போது எனக்கு வயது முப்பதுக்குள், சிமென்ட் மேல் அசைக்க முடியாத பக்தி. காரை உதிர்ந்த இடமெல்லாம் சிமென்ட் பூச்சு போடச் சொன்னேன். பெரியவர் ஒருவர், சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணி விட்டு அரைத்துப் பழகிய கொத்தனார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. முதல் ஐப்பசி முகூர்த்தத்தில் ஐந்நூறு பேர் உள்ளே. மறுநாள் காலை அவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்: "இன்னா சார், செவுரு அழுவுது பாரு." இடுப்பு உயரத்துக்கு மேலே சிமென்ட் முடிகிற கோட்டில் நீர் வழிந்திருந்தது. அடுத்த கோடையில் அதே கோட்டில் வெள்ளை உப்பு பூத்து, பக்கத்துச் செங்கல் மாவாகக் கொட்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். சிமென்டை உளி வைத்துக் கொத்தி எடுக்க ஆன செலவு, அதைப் பூச ஆன செலவைவிட அதிகம்.

அந்த வெள்ளை உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிடங்கில் அதைப் பார்த்ததும் "வெடிமருந்து சுவரில் ஊறியிருக்கிறது, பீடி பற்ற வைத்தால் வெடிக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். கறுப்பு வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு என்பது நிஜம். மீதி கரியும் கந்தகமும். ஆனால் உப்பு மட்டும் தனியாக வெடிக்காது, மருந்தும் மூடிய பீப்பாயில்தான் இருந்தது. சுவரில் பூப்பது பெரும்பாலும் வௌவால் எச்சத்திலிருந்தோ, குதிரையும் மாடும் கட்டியிருந்தால் மூத்திரத்திலிருந்தோ, தரை ஈரத்திலிருந்தோ வந்த உப்பு. எது என்று ஒரு பிடி சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம், அதில் நானும் அடக்கம். உப்பு நைட்ரேட்டாக இருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம். சுண்ணாம்போடு சேர்ந்த நைட்ரேட், காற்றில் ஈரம் பாதிக்குச் சற்று மேலே போனாலே தண்ணியை இழுக்க ஆரம்பிக்கும். மழையே இல்லாத நாளில், கூட்டம் கூடினாலே சுவர் கசியும். காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்ச வைக்கலாம். பல சுற்று பிடிக்கும், ஒருநாளும் முழுதாகப் போகாது.

உங்களுடையது எந்த வகை? நேரில் தட்டிப் பார்க்காமல் சான்றிதழ் தர மாட்டேன். ஆனால் ராணிப்பேட்டை குதிரைப்படை கன்டோன்மென்டாக இருந்த ஊர். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, தோட்டா தீர்ந்துபோய்க் கோட்டைச் சுவர் மேல் தவித்த வெள்ளைப் பட்டாளத்தைக் காப்பாற்ற ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளை அதிகாரி ஓட்டி வந்ததும் குதிரைப்படைதான். குதிரை இருக்கிற இடத்தில் கொள்ளு, புல், சேணம் வைக்கக் கிடங்குகள் பல தேவைப்படும், மருந்துக் கிடங்கு ஒன்றிரண்டு போதும். அதனால் உங்களுடையது சரக்குக் கிடங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடையாளம் சொல்கிறேன். பக்கவாட்டில் ஜன்னல் வரிசை, சமக் கூரை, தெருவை ஒட்டிய வாசல் என்றால் சரக்கு. தனியே தள்ளி நிற்பது, சுற்றி இன்னொரு மதில், இரட்டைக் கதவு, மடங்கிய காற்றுத் துளை, வளைவுக் கூரை என்றால் மருந்து.

சரக்குக் கிடங்கு என்றால் தளத்தைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. நின்று ஆடும் கூட்டத்துக்கு நம் இந்தியத் தர விதி சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்குப் போடச் சொல்கிறது. கிடங்குக்கு 750 கிலோவிலிருந்துதான் கணக்கே ஆரம்பம். அந்தக் காலத்தார் விதியைப் பார்த்துக் கட்டவில்லை என்றாலும், மூட்டை அடுக்கித் தாங்கிய தளம் மனிதரையும் தாங்கும். பயம் கூரையில். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் கூரை, தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்தது. உத்திரம் நடுவில் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் நுழைகிற முனையில் உளுத்துப் போயிருக்கும். அந்த முனையில் ஒரு மெல்லிய உளியை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கினால், அடுத்த வேலை கூரைதான். ஏசி எந்திரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் அதன் மேல் ஏற்றவே கூடாது.

வளைவுக் கூரை என்றால் வேறு எச்சரிக்கை. வெளிச்சம் வேண்டும் என்று நீளச் சுவரில் ஜன்னல் வெட்டச் சொல்வார்கள், முக்கியமாக உள் அலங்காரம் செய்ய வருகிறவர்கள். வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்குவது நீளச் சுவர். அதில் ஓட்டை போட்டால் மூட்டு வலிக்காரனின் கைத்தடியைப் பிடுங்கிய கதை. குட்டைச் சுவர்கள் இரண்டும் தங்கள் பாரத்தை மட்டுமே சுமப்பவை, வாசலும் ஜன்னலும் அங்கேதான். கூட்டம் கூடும் இடத்துக்கு வெளியேற இரண்டு வழியாவது வேண்டும் என்று தீயணைப்புத் துறை கேட்கும். இரண்டு குட்டைச் சுவரிலும் ஒவ்வொன்றாக வைத்தால் அதுவும் தீர்ந்தது.

பீர் விஷயம் மேலே சொன்னதுதான். உரிமத்துக்காக நட்சத்திர ஓட்டல் கட்டக் கிளம்புவது மீசைக்காக முகம் வாங்குவது. ஆற்காடு பிரியாணியும் மக்கன் பேடாவும் கையில் இருக்கிற ஊரில் கூட்டம் சேர்க்க பீர்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடுப்பைக் கிடங்குக்குள் வைக்காதீர்கள். சமையல் ஆவியும் 200 பேரின் மூச்சோடு சேர்ந்துகொள்ளும். சமையலுக்குப் பின்னால் தனியாக ஓடு வேய்ந்த கொட்டகை போடுங்கள், லண்டனில் உணவகத்தை வெளியே தள்ளிய அதே கணக்குதான்.

எதற்கும் பணம் இறக்கும் முன்னால் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு, ஓரடி சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். முழங்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது, காற்றோட்டம் சரி செய்தால் போதும். பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கீழ்த் தாள் மட்டும் நனைந்தால் தரை ஈரம், மேல் தாளும் நனைந்தால் கூரையையும் உப்பையும் சந்தேகப்பட வேண்டும். போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள், சுவர் எவ்வளவு தடிமன் என்று வாசலில் நாடா பிடித்து அளந்து அதையும் எழுதுங்கள். யார் சொன்னாலும் அதுவரை சிமென்ட் மூட்டையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.